பதினாறாம் பத்தியைச் சொன்னது யார்

எலினாவுக்கு உட்காரத் தெரியாது. நடக்க வேண்டிய வயதில் ஓடினாள், பேச வேண்டிய வயதில் கேள்வி கேட்டாள். ஓரிடத்தில் உட்காருவதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் எடுக்க எழுந்து போவாள். தண்ணீரை மறந்துவிட்டு மொபைலோடு திரும்பி வருவாள். கதைப் புத்தகம் என்றால் கடைசிப் பக்கம்தான் அவளுக்கு முதல் பக்கம். படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்து முக்கால் மணியில் முடித்துவிட்டு, "கதையே இல்லப்பா" என்று உதட்டைப் பிதுக்குவாள். இப்பேர்ப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய்ச் சட்டக் கல்லூரியில் சேர்த்தார் அவள் அப்பா நேசையன். நியாயமாகப் பார்த்தால் இந்த வழக்கில் முதல் எதிரி அவர்தான்.

நேசையன் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஓட்டும் தறிக்கூடம் ஒன்றில் ஃபிட்டர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர் என்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். மகள் வாயாடி என்று தெருவே சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "வாய் இருக்கு. வக்கீலுக்கு வேற என்ன வேணும்?" என்றார். கண்ணும் வேண்டும், பொறுமையும் வேண்டும் என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

மதுரையில் விடுதியில் தங்கி முதல் வருஷம் படித்தாள் எலினா. அவளைத் திணறடித்தது சட்டம் இல்லை, தீர்ப்புகள். சட்டப் பிரிவு என்றால் நாலு வரியில் முடிந்துவிடும். தீர்ப்பு அப்படியா? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள் முன்னால் நாற்பது ஐம்பது பக்க ஆங்கிலத்தை அவிழ்த்துக் கொட்டினால் என்ன செய்வாள்? ஒரு வாக்கியம் தொடங்கினால் அரைப் பக்கம் ஓடும். அது முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும். கட்டம் போட்டுப் படியுங்கள் என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள்: நடந்தது என்ன, கேள்வி என்ன, இந்தப் பக்கத்து வாதம், அந்தப் பக்கத்து வாதம், கடைசியாகக் கோர்ட் சொன்னது. எலினாவும் கட்டம் போட்டாள். கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பினாள். நுனிப்புல் மேய்ந்தே முதல் பருவத் தேர்வில் தேறியும் விட்டாள். அதுதான் வினை.

அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. சின்ன வயதிலிருந்து படித்த பழக்கம் அப்படி. சர்ச்சின் ஞாயிறு பள்ளியில் பைபிள் வசனப் போட்டி நடக்கும். ஒரு வசனத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தால் எவர்சில்வர் டப்பா பரிசு. அதற்கு முந்தின வசனம் என்ன, அதை யார் யாரிடம் எதற்காகச் சொன்னார்கள் என்று கேட்டு யாரும் டப்பா கொடுத்ததில்லை. புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் குவித்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பார்கள். கையில் வந்த வரி எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொன்னது. நேசையன் தன் அட்டையை லேமினேட் செய்து மொபெட்டின் முன்னால் ஒட்டிக்கொள்வார். எலினா எட்டு வீட்டு அட்டையையும் வாசித்துவிட்டு, தனக்கு வந்ததுதான் உசத்தி என்பாள். தீர்ப்புகளையும் அவள் அப்படித்தான் படித்தாள். தட்டில் கை விட்டு ஒரு பத்தியை எடுப்பாள். அது தனக்கென்றே எழுதியது என்று நம்புவாள்.

ஜனவரி விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஈஸ்வரி வக்கீலிடம் வேலை பழகச் சேர்ந்தாள். ஜில்லா கோர்ட் அங்கேதான். ஈஸ்வரி மேடம் எந்நேரமும் இரண்டு கோர்ட்டில் ஒரே சமயத்தில் இருக்க வேண்டியவர். அதனால் நடையும் பேச்சும் அரிவாள் மாதிரி இருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டார். "கட்சிக்காரங்க வந்தா சிரி. டீ வாங்கிக் குடு. அவங்க அழுதா பக்கத்துல உக்காரு. சட்டம் மட்டும் பேசாதே. அதுக்கு நான் இருக்கேன்."

எலினாவுக்குக் கொடுத்த வேலை தீர்ப்பு தேடுவது. தேடும் தளத்தில் இரண்டு வார்த்தையைப் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதில் எதைத் திறப்பது, எதை விடுவது என்பதுதான் வித்தை. எலினா எல்லாவற்றையும் திறப்பாள். திறந்ததும் தேடும் வார்த்தையைத் தட்டுவாள். அது மஞ்சளாக மின்னும் இடத்துக்குக் குதிப்பாள். அந்தப் பத்தியை நகலெடுத்து அனுப்புவாள். அடுத்த தீர்ப்புக்குத் தாவுவாள். "பரவால்லையே, வெரசாத் தேடுறே" என்று ஈஸ்வரி மேடம் ஒரு தடவை சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பிள்ளைக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த ஆபீசுக்கு வந்துபோன கட்சிக்காரர்களில் ஒருத்தி பாலம்மாள். வ. புதுப்பட்டிக்காரி. முதல் புருஷன் மாரிச்சாமி ராணுவத்தில் இருந்தவன். லீவில் வந்த இடத்தில் பைக் விபத்தில் போய்விட்டான். அப்போது கைக்குழந்தை. மாமனார் சிவனாண்டி பிளவக்கல் அணைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். சில வருஷம் அங்கேயே காலம் தள்ளிய பாலம்மாள், பிறகு பொன்னுராஜ் என்ற லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பினாள். "நீ போறதுன்னா போ. எம் மகன் ரத்தத்தை இங்க விட்டுட்டுப் போ" என்று பேத்தியை நிறுத்திக்கொண்டார் சிவனாண்டி. அப்பத்தா குருவம்மாளின் பேரும் நிலைக்க வேண்டும், புதுமாதிரியாகவும் இருக்க வேண்டும் என்று குழந்தைக்குக் குருதர்ஷினி என்று பேர். இப்போது ஏழு வயது. பிள்ளையைக் கேட்டுத்தான் பாலம்மாள் வழக்குப் போட்டிருந்தாள்.

வழக்கு சமரச மையத்துக்குப் போயிருந்தது. பல தடவை உட்கார்ந்து பேசிய பிறகு கிழவர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். பிள்ளை தங்களோடுதான் இருக்கும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு தாயிடம் அனுப்புவார்கள். மே மாசம் முழுக்கத் தாயோடு இருக்கட்டும். திங்கட்கிழமை இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "இதுக்கு மேல கோர்ட்டே குடுக்காது. சரின்னு சொல்லு" என்று வியாழக்கிழமை பாலம்மாளிடம் சொல்லிவிட்டு ஈஸ்வரி மேடம் அடுத்த கோர்ட்டுக்கு ஓடினார்.

பாலம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. கோர்ட் வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எலினா, வழக்கம்போல் நின்றுகொண்டு.

"ஏன் தாயி, நீயும் சட்டம்தான படிக்க. பெத்தவ நான். சனி ஞாயிறுக்குக் கெஞ்சிக்கிட்டு நிக்கேன். இதத்தான் சட்டம் சொல்லுதா?"

எலினா சிரித்திருக்கலாம். இன்னொரு டீ சொல்லியிருக்கலாம். முந்தின நாள்தான் அவள் ஒரு தீர்ப்பைக் கண்டுபிடித்திருந்தாள். அதிலும் இதே கதைதான்: புருஷனை இழந்த தாய், மறுமணம், பிள்ளையை வைத்துக்கொண்ட தாத்தா பாட்டி. மேடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். மேடம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் வேறு உள்ளே குடைந்துகொண்டிருந்தது. மொபைலை எடுத்தாள். பதினாறாம் பத்தி.

"இங்க பாருங்கக்கா. ஐகோர்ட் தீர்ப்பு. பெத்த தாய் உயிரோட இருக்கும்போது தாத்தா பாட்டிக்குப் பிள்ளை மேல எந்த உரிமையும் கிடையாது. மறுமணம் பண்ணினதுனால தாயோட உரிமை ஒரு துளியும் கொறையாது. பிள்ளைய உடனே ஒப்படைக்கணும். அப்படியே இருக்கு."

நல்ல தமிழில், ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். பாலம்மாள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எலினாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பத்தொன்பது வயதில் தன்னை அப்படி ஒருவர் பார்ப்பது எலினாவுக்கு அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையை எடுத்தாள். ஏதாவது ஒரு தீர்ப்பைக் கட்டம் போட்டு எழுத வேண்டும்; ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்தி எண் போட்டாக வேண்டும் என்பதால் இந்தத் தடவை ஏய்க்க வழியில்லை. தெரிந்த தீர்ப்பையே எழுதிவிடலாம் என்று, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த அதே தீர்ப்பை விரித்தாள். தாய் பக்கத்து வாதத்துக்கு மஞ்சள், தாத்தா பக்கத்துக்குப் பச்சை, கோர்ட் சொன்னதற்கு ரோஸ் என்று பேனா வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுத் தறி கடகடத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். பதிமூன்றாம் பத்தியில், தாயின் வக்கீல் கீழ்க்கண்டவற்றை எங்கள் முன் வைத்தார் என்று இருந்தது. மஞ்சளை எடுத்தாள். பதினாலு மஞ்சள். பதினைந்து மஞ்சள். கை தன்பாட்டில் பதினாறுக்குப் போனது.

பாதி வரியில் பேனா நின்றது.

எலினா மேலே போய்ப் பார்த்தாள். பதிமூன்றிலிருந்து மறுபடி படித்தாள். மறுபடியும் மஞ்சள்தான் வந்தது. அந்த வரியைக் கோர்ட் சொல்லவே இல்லை. அந்தத் தாயின் வக்கீல் சொன்னது. கோர்ட் அதை எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தன் கட்சிக்காரிக்காக ஒரு வக்கீல் என்னதான் சொல்ல மாட்டார்? தேடும் தளம் அவளை நேராக நடுப் பத்தியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வாயைத் திறந்தது யார் என்று பார்க்க அவள் ஒரு பக்கம் மேலே ஏறவில்லை. கோர்ட் தன் சொந்த வாயால் பேச ஆரம்பித்தது இருபத்தி மூன்றாம் பத்தியில். எலினா நின்றபடியே கடைசி வரை படித்தாள். யாருக்கு உரிமை என்பதல்ல எங்கள் முன் உள்ள கேள்வி, பிள்ளைக்கு எது நல்லது என்பதே கேள்வி என்றது கோர்ட். குழந்தை விவரம் தெரிந்த நாளிலிருந்து தாத்தா வீட்டில் வளர்கிறது. பள்ளிக்கூடமும் தோழிகளும் அங்கேதான். பிடுங்கி நட வேண்டாம். தாய் தோற்றிருந்தாள். மாதத்தில் ஒரு நாள் பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்று அனுமதி. ஒரே ஒரு நாள்.

எலினா மொபைலை எடுத்தாள். ஈஸ்வரி மேடத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேடம் கோயம்புத்தூரில் ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார். பாலம்மாளின் நம்பர் ஆபீசுக்குள் வழக்குக் காகிதக் கட்டுக்குள் இருந்தது, ஆபீஸ் பூட்டியிருந்தது. முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்து தேய்த்தாள். திங்கட்கிழமை அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? வழக்கு மறுபடி கோர்ட்டுக்குப் போகும். இதே தீர்ப்பை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்.

மறுநாள் ஆராதனையில் பிரசங்கம் தொடங்குவதற்குள் எழுந்துவிட்டாள். நேசையன் பின்னாலேயே வெளியே வந்தார்.

"ஏட்டி, நடு ஆராதனையில எங்கட்டி போற?" குசுகுசுவென்று கேட்டதாகத்தான் அவர் நினைப்பு. கோயிலே திரும்பிப் பார்த்தது.

எலினா சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ சின்னப் பிள்ள. நாளைக்கு மேடம் வந்து பாத்துக்கிடுவாக. இதுக்குப் போயி..."

"அவுக எம் பேச்ச நம்பிட்டாகப்பா. கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாக."

நேசையன் மொபெட்டை எடுத்து அவளை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, வத்திராயிருப்பில் இன்னொரு பஸ் மாறினாள். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் "நான் தப்பா" என்ற இடத்தில் வந்து முட்டியது.

வ. புதுப்பட்டியில் பாலம்மாள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பொன்னுராஜ் ஒரு சின்னக் கட்டிலுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஊதா நிறம்.

"வா தாயி, வா வா! ஏங்க, இந்தப் பிள்ளதான், நான் சொல்லல?" என்று பாலம்மாள் ஓடிவந்தாள். உட்காரச் சொன்னாள். குடிக்கக் கலர் வாங்கி வர ஆள் அனுப்பப் போனாள். எலினா அவள் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் அவளே மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"முந்தாநாளு சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்து. மாமாவும் வந்திருந்தாரு. பந்தியில உக்காந்திருந்தாரு. நேர போயி நின்னு சொல்லிட்டேன். ஐகோர்ட்டே சொல்லியாச்சு, உங்களுக்கு எம் பிள்ள மேல ஒரு உரிமையும் கெடையாது, ஒப்பந்தமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், திங்கக்கிழமை கூட்டியாந்து விட்டுட்டுப் போங்கன்னு. எம்புட்டுப் பேரு இருந்தாக தெரியுமா! ஒரு வார்த்த பேசல மனுசன். பாதிச் சாப்பாட்டுல இலைய மடக்கிட்டு எந்திரிச்சுட்டாரு."

பந்தியில் பாதி இலையை மடக்கி எழுந்தவர் மறுபடி அந்த உறவோடு உட்கார்வது லேசில் நடக்காது. இது கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை எலினாவுக்கும் தெரியும். சொன்னாள். தடுமாறித் தடுமாறி, பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வராமல் சொன்னாள்.

பாலம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப நீ வாசிச்சியே, அது யாரு சொன்னது?"

"அந்தம்மாவோட வக்கீல் சொன்னதுக்கா. கோர்ட் சொன்னதில்ல."

"கோர்ட்டு என்ன சொல்லிச்சு?"

எலினா ஜெராக்ஸை எடுத்து, ரோஸ் நிறத்தில் இருந்ததை எல்லாம் தமிழில் சொன்னாள். மாதம் ஒரு நாள் என்பது வரைக்கும் சொன்னாள். பொன்னுராஜ் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். பாலம்மாள் கட்டிலைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ வக்கீலா?"

"இல்லக்கா. படிக்கேன்."

"முழுசாப் படிச்சியா அத?"

"அன்னைக்கு இல்ல. நேத்துதான்."

"பொறவு எதுக்குட்டி எங்கிட்டச் சொன்ன? ஆசகாட்டுறதுக்கு எம் பிள்ளதான் கெடச்சுதா ஒனக்கு? நான் சும்மா இருந்தேனே. மேடம் சொன்னதக் கேட்டுக்கிட்டு, மே மாசம் வருமேன்னு சும்மா இருந்தேனே!"

"மன்னிச்சிருங்கக்கா" என்றாள் எலினா. அந்த வார்த்தை எதற்கும் உதவாது என்று சொல்லும்போதே தெரிந்தது. திரும்பும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை, மேடம் காரை விட்டு இறங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஈஸ்வரி மேடம் கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டார். திட்டுவார் என்று எலினா எதிர்பார்த்தாள்; திட்டினார்.

"அரைகுறையாப் படிச்சதக்கூட விடு. எல்லாரும் அப்படிப் படிச்சு எங்கயாவது மூக்கு உடைஞ்சவங்கதான். எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல கிழிச்சுப் போட்டிருப்பேன். நீ கட்சிக்காரிகிட்ட போய்ச் சொல்லியிருக்க. அவ பந்தியில போய்ச் சொல்லியிருக்கா. இத எந்தச் சட்டத்த வச்சு நான் திருப்ப?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் போய் அந்தப் பெரியவர்கிட்ட உண்மையச் சொல்லிடுறேன்னு கிளம்பாதே. அவர் எதிர்த்தரப்பு. நீ வாயத் திறந்தா, தீர்ப்பு அவர் பக்கம்னு நம்மளே எழுதிக் குடுத்த மாதிரி. வராந்தா பெஞ்சுல உக்காரு. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. பேசக் கூடாது."

சமரச மையத்து வராந்தாவில் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. எதிர் பெஞ்சில் சிவனாண்டி, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குருவம்மாள், நடுவில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் பிள்ளை. கிழவர் யாரையும் பார்க்கவில்லை. அவர் வந்ததே முடியாது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் என்று அவருடைய வக்கீல் ஈஸ்வரி மேடத்திடம் முணுமுணுத்தது எலினாவுக்குக் கேட்டது. பாலம்மாள் வந்தாள். எலினாவைக் கடந்து, மாமனாரைக் கடந்து, பிள்ளையின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போனாள். குருவம்மாளையும் பிள்ளையையும் வெளியே விட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே போக, கதவு சாத்தப்பட்டது.

எலினா உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான வேலை எதையும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய், "தாத்தா, அவுக மேல தப்பில்ல, நான்தான்" என்று கத்திவிட வேண்டும் போல இருந்தது. கத்திவிட்டால் மனசு ஆறும். ஆனால் ஆறுவது அவள் மனசு மட்டும்தான். பிள்ளை கைவிட்டுப் போவது பாலம்மாளுக்கு. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கால் மட்டும் தன்பாட்டில் ஆடியது.

"ஏங்க்கா ஒங்க காலு ஆடிக்கிட்டே இருக்கு?" குருதர்ஷினி அப்பத்தாவை விட்டு எழுந்து முன்னால் வந்து நின்றாள். முன் பல் இரண்டு இல்லை.

எலினா சிரித்தாள். பிள்ளை அதையே போதுமான பதிலாக எடுத்துக்கொண்டது.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போவேனே. மே மாசம். மாசம் பூராவும். கம்மாய்க்குப் போயி மீனு பாப்போம். தாத்தா சரின்னுட்டாக."

"எப்பம்மா சொன்னாக?" பேசக் கூடாது என்பது எலினாவுக்கு மறந்துபோனது.

"பொங்கலுக்கு."

எலினாவின் கால் ஆடுவது நின்றது. காதுகுத்துக்கு முன்னால் சொன்னது அது. குருவம்மாள் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

உள்ளே வெகுநேரம் ஆனது. ஒரு தடவை கிழவரின் குரல் உயர்ந்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் பெண் குரலில் அழுகை, அதையும் அமர்த்தினார்கள். கதவு திறந்ததும் முதலில் வந்தது சிவனாண்டி. கண் சிவந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்போல் படியிறங்கிப் போய் வெயிலில் நின்றார். பின்னால் ஈஸ்வரி மேடம் தாள்களை அடுக்கிக்கொண்டே வந்தார்.

"கையெழுத்தாச்சு" என்றார். எலினாவுக்கு மூச்சு வந்தது. "அந்தப் பொண்ணு அவர் கால்ல விழுந்துட்டா. எல்லாத்தையும் தானே சொல்லிட்டா, தீர்ப்பு எப்படி முடியுதுங்கிறது வரைக்கும். நான் தொண்டையைச் செருமிச் செருமிப் பாத்தேன், நிறுத்தல. அவர் நெனச்சிருந்தா எந்திரிச்சுப் போயிருக்கலாம். சனி ஞாயிறு குடுத்துட்டார்."

"மே மாசம், மேடம்?"

ஈஸ்வரி மேடம் தாள்களைக் கட்டுக்குள் செருகினார். "சபையில பேசினது பேசினதுதான்னுட்டார். மே கிடையாது." அடுத்த கோர்ட்டில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், போய்விட்டார்.

இந்த மே மட்டுமில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளாகும் வரைக்கும் எல்லா மே மாசமும்தான். வியாழக்கிழமை டீக்கடை வாசலில் எலினா நாலு வரி பேசினாள். அதற்கு விலையை வேறு இரண்டு பேர், ஒரு தாயும் பிள்ளையும், வருஷா வருஷம் கொடுக்கப் போகிறார்கள். இனி எத்தனை தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து படித்தாலும் அதில் ஒரு நாளைக்கூட அவளால் திருப்பித் தர முடியாது.

பாலம்மாள் கடைசியாக வந்தாள். முகம் கழுவியிருந்தாள். பிள்ளை ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது. தலையைத் தடவி, கலைந்த பின்னலைச் சரிசெய்து, ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டாள். கீழே வெயிலில் இருந்து சிவனாண்டி, "நேரமாச்சு" என்று பொதுவாகச் சொன்னார். குருவம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் பிள்ளை திரும்பியது.

"யம்மா, மே மாசம் வாரேன்!"

பாலம்மாள் சிரித்தாள். "வா தாயி" என்று கையை ஆட்டினாள். பக்கத்து பெஞ்சில் இருந்த எலினாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.